மூன்று ஒயில் பற்றன், 30 கிலோ பாக்: எந்தப் பந்துகளைக் கொண்டு போவது?

இரணைமடுப்பொடியன்

எல்லோருக்கும் வணக்கம். நான் கிளிநொச்சி. ஆறு வருசம் கட்டாரில் வேலை செய்துவிட்டு ஒப்பந்தம் முடிந்து வந்து நிற்கிறேன். சிறுபோக வெட்டு முடியத் திரும்பவும் அங்கேதான் போகிறேன். அங்கே நின்ற காலத்தில் வெள்ளிக்கிழமைகளில் பௌலிங் (பலகை லேனில் பந்தை உருட்டிப் பத்துப் பின்களை விழுத்துகிற விளையாட்டு) போகப் பழகி, கடைசி மூன்று வருசமும் லீக் விளையாடினேன். 2006 ஆசிய விளையாட்டுப் போட்டிக்குப் பௌலிங் நடந்ததே டோஹாவில் நான் போன அந்த நிலையத்தில்தான். முதன்முதலாகப் பந்தைக் கையில் எடுத்ததும் அங்கேதான். அன்றைக்குப் பிடித்த ஆசை இன்னும் விடவில்லை.

விசயம் இதுதான். போய் இறங்கி மூன்றாம் கிழமை ஒரு போட்டி. மூன்று நாள், மூன்று ஒயில் பற்றன்: 34 அடி, 41 அடி, 47 அடி. மூன்றுமே தட்டையான எண்ணெய். நாங்கள் லீக்கில் விளையாடுகிற லேனில் நடுவில் எண்ணெய் அள்ளிக் கொட்டியிருக்கும், ஓரத்தில் பெயருக்குத்தான் இருக்கும், 10க்கு 1 என்ற மாதிரி. இந்தப் போட்டித் தாளில் அது 3க்கு 1 கூட இல்லை. லீக்கில் என்னுடைய சராசரி 187. இரண்டு வருசத்துக்கு முதல் இப்படித் தட்டையான லேனில் ஒரு நாள் விளையாடி 140ஐத் தாண்டவே முடியவில்லை. அந்த நாள் இன்னும் நெஞ்சில் கிடக்கிறது.

கையில் மூன்று பந்து, எல்லாம் 15 இறாத்தல். ஒன்று ஸ்பெயாருக்கு (முதல் பந்தில் விழாத பின்களை இரண்டாம் பந்தில் எடுப்பதற்கு) வைத்திருக்கிற பிளாஸ்ரிக். அடுத்தது பலமான கோர் (பந்துக்குள் இருக்கிற பாரக்கட்டி) உள்ள சொலிட் ரெசின் தோல், முகம் 2000 கிறிற் (அரத்தாளின் எண், குறையக் குறையச் சொரசொரப்பு). மூன்றாவது பளபளப்புப் போட்ட பேர்ல் ரெசின், சமச்சீரான கோர். பந்து ஒன்று 6.8 கிலோ. மூன்றும் 20.4 கிலோ. விமானத்தில் 30 கிலோதான் விடுவார்கள், அம்மா ஏற்கெனவே மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் கட்டி வைத்துவிட்டா. நான் நினைத்திருப்பது, 47 அடிக்கு இன்னும் பலமான ஒரு பந்து புதிதாக வாங்கி, 34 அடிக்குப் பேர்லை வைத்துக்கொள்வது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள், இது சரியா?

முறிகண்டி_வாத்தி

தம்பி, இடையில் புகுவதற்கு மன்னிக்க வேண்டும். பௌலிங்கைத் தொலைக்காட்சியில்தான் பார்த்திருக்கிறேன். பலகைக்கு எண்ணெய் பூசுவார்கள் என்பதே இன்றைக்குத்தான் தெரியும். கரம் போட்டுக்குப் பவுடர் போடுகிற மாதிரியா? கண்ணுக்குத் தெரியாத எண்ணெயை எப்படி அடியில் அளக்கிறார்கள்?

மல்லாவியாள்

வாத்தியாரின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், தம்பியின் பிழையும் அதற்குள்தான் இருக்கிறது. (நான் மல்லாவி, இருபது வருசமாக ரொறன்ரோவில். முதலில் விளையாடியது இங்கத்தைய ஐந்து பின் விளையாட்டு. 1909இல் இதே நகரத்தில் பிறந்தது அது. துளை இல்லாத, உள்ளங்கைக்குள் அடங்குகிற பந்து. பிறகுதான் பெரிய பந்துக்கு மாறினேன்.)

கரம் பவுடரைப் போட் முழுதும் ஒரே மாதிரித் தூவுவது. இது அப்படி இல்லை. பந்து விடுகிற கோட்டிலிருந்து முதல் பின்னுக்கு (தலைப் பின்) 60 அடி, குறுக்கே 39 பலகை, ஒரு பலகை ஏறத்தாழ ஒரு அங்குலம். எண்ணெயை ஒரு மெசின் ஓடிப் பூசும். எத்தனையாம் பலகையில் எவ்வளவு, எத்தனை அடி வரைக்கும் என்று அதற்குள் எழுதி வைத்திருப்பார்கள். 60 அடிக்கும் பூசுவதில்லை. 41 அடிப் பற்றன் என்றால் 41 அடியோடு எண்ணெய் நின்றுவிடும், மிச்சம் 19 அடியும் வெறும் பலகை. எங்கள் ஊர் ஆளுக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னால், சேற்று வயலுக்குள் உழவு மெசினின் சில்லு சுற்றிக்கொண்டே வழுக்கிப் போகும், வரம்பேறிக் கிறவல் றோட்டைத் தொட்டதும் பிடிக்கும். பந்தும் அதுதான். எண்ணெயில் சுழன்றபடி வழுக்கும், எண்ணெய் முடிந்த இடத்தில் பலகையைப் பிடித்து வளையும், பிறகு நேராக உருளும். வழுக்கல், வளைவு, உருளல் என்ற இந்த மூன்றும் சரியான இடத்தில் நடந்தால்தான் பந்து 1ஆம் பின்னுக்கும் 3ஆம் பின்னுக்கும் இடைப்பட்ட பொக்கெற்றுக்குள் சரிவாக நுழையும். அந்தச் சரிவு ஆறு பாகைக்குக் கிட்ட இருந்தால் நல்லது.

இனித் தம்பிக்கு. கணக்கு ஒன்று இருக்கிறது, உங்களுக்கும் தெரிந்திருக்கும்: பற்றனின் நீளத்தில் 31ஐக் கழி. வருகிற எண்தான், எண்ணெயை விட்டு வெளியே வரும்போது பந்து நிற்கவேண்டிய பலகை. 34இல் கழித்தால் 3, 41இல் 10, 47இல் 16. (வலது கைக்காரருக்கு வலப்பக்க ஓரத்திலிருந்து எண்ணவேண்டும்.) அச்சொட்டாக அந்தப் பலகைதான் என்று இல்லை, எங்கே தேடத் தொடங்குவது என்பதற்கு அது காணும்.

இதைப் பார்த்தாலே விளங்கும், மூன்று நாளும் மூன்று வேறு விளையாட்டு. 34 அடியில் ஓரக்கானை ஒட்டி 3, 4, 5ஆம் பலகையில் போடவேண்டும், முன்னால் 26 அடி காய்ந்த பலகை. 47 அடியில் நடுவுக்குள் ஏறி நின்று 16, 17இல் போடவேண்டும், பந்து வளைவதற்கு மிச்சம் இருப்பது வெறும் 13 அடி. அந்த 26 அடிக்குப் பளபளப்புப் பேர்லைக் கொண்டு போகிறேன் என்கிறீர்களே! பளபளப்புப் பந்து எண்ணெயில் சக்தி எதையும் செலவழிக்காமல் சேமித்துக்கொண்டு போய், காய்ந்த பலகையைக் கண்டதும் ஒரே வெட்டாக வெட்டித் திரும்பும். 26 அடி காய்ந்த இடத்தில் அது எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்கே தெரியாது. ஒரு பந்து பொக்கெற், அடுத்தது தலைப் பின்னின் மறுபக்கம். குறுகிய பற்றனுக்கு வேண்டியது, கொஞ்சமாக, ஒரே சீராக வளைகிற பலவீனமான பந்து.

புதிதாகப் பலமான பந்தும் வாங்கவேண்டாம். அதைப் பற்றி இரவுக்கு எழுதுகிறேன், வேலைக்கு நேரமாகிவிட்டது.

ரயர்க்கடை_மாங்குளம்

அக்கா சொன்னதோடு முழுக்க ஒத்துப்போகிறேன். நான் எட்டு வருசம் டுபாயில் நின்று விளையாடினவன், இப்போது மாங்குளத்தில் ரயர்க்கடை. ரயர் பார்க்கிற எனக்குப் பந்து நன்றாகவே விளங்கும்.

தம்பி, உமது கடைக்காரர் கோரைப் பற்றித்தான் கதைத்திருப்பார். எல்லோரும் கோரில்தான் மயங்குவது, பெட்டியில் அந்தப் படம்தானே அழகாகப் போட்டிருப்பார்கள். ஆனால் நிலத்தைத் தொடுவது தோல். எவ்வளவு நல்ல எஞ்சின் என்றாலும் தேய்ந்த ரயரோடு மழைக்குள் ஏ9 வீதியில் ஓடிப் பாரும். பந்தின் தோல் என்ன பொருள், அதன் முகம் எவ்வளவு சொரசொரப்பு, இந்த இரண்டும்தான் அது எங்கே பிடிக்கும் என்பதில் பெரும்பங்கு எடுக்கிறது. கோர் அதற்குப் பிறகுதான்.

உம்மிடம் இருக்கிற சொலிட்டை 1000 கிறிற் பாட்டால் (உரஞ்சுகிற தட்டால்) உரஞ்சும். 2000இல் இருக்கிற அதே பந்து, 1000க்கு வந்ததும் எண்ணெய்க்குள்ளேயே பலகையைப் பிடிக்கத் தொடங்கும். 47 அடிக்கு அதுதான் தேவை, பின்னால் 13 அடிதான் இருக்கிறபடியால் வேலையை முன்னுக்கே தொடங்கியாகவேண்டும். பேர்லின் பளபளப்பை 3000 பாட்டால் எடுத்துவிடும். வெட்டித் திரும்புகிற குணம் அடங்கி நடுத்தரப் பந்தாகும், அது 41 அடிக்கு. ஆக, இரண்டு பாட்டின் செலவில் இரண்டு புதுப் பந்து கிடைத்த மாதிரி.

உரஞ்சும்போது ஒரு பக்கமாகவே நின்று உரஞ்சாதையும். பந்தை ஆறு முகமாகப் பிரித்து, ஒவ்வொரு முகத்துக்கும் ஒரே அளவு நேரம், ஒரே அளவு அழுத்தம், தண்ணீர் விட்டு விட்டு. எல்லாம் போட்டி தொடங்குவதற்கு முதல் முடிந்திருக்கவேண்டும். போட்டி நடக்கும்போது பந்தை உரஞ்சவிடமாட்டார்கள். 2019 ஆவணியிலிருந்து அமெரிக்கச் சங்கத்தின் சட்டத்தில் ஆட்டத்துக்கு நடுவில் திரவம் போட்டுத் துடைக்கவும் முடியாது, காய்ந்த துவாய் மட்டும்தான். உமது போட்டிக்கு எந்தச் சட்டம் என்று கேட்டு வைத்துக்கொள்ளும்.

இன்னொன்று, முக்கியமாகச் சொல்லவேண்டும். பந்துகளை இப்போது வீட்டில் எங்கே வைத்திருக்கிறீர்? நான் வந்த புதிதில் தகரக் கொட்டிலுக்குள் பாக்கோடு வைத்தேன். சோளகக் காலத்து வெயில். பின்னேரம் போய்த் திறந்து பார்த்தால், விரல் துளை இரண்டுக்கும் இடையில் மயிர் மாதிரி ஒரு கோடு. மூன்று நாளில் அது பெருவிரல் துளை வரைக்கும் ஓடிப் பந்து வெடித்துவிட்டது. நாலு வருசம் என்னோடு இருந்த பந்து. சூட்டில் தோல் ஒரு விதமாக விரியும், உள்ளே இருப்பது வேறு விதமாக விரியும். வீட்டுக்குள் கட்டிலுக்குக் கீழே, சீமெந்துத் தரையில் துணி விரித்து வையும். வாகனத்துக்குள் விட்டுவிட்டு எங்கும் போகாதையும்.

இரணைமடுப்பொடியன்

அண்ணை, வாசித்த கையோடு போய்ப் பார்த்தேன், மூன்றும் தகரத்துக்குக் கீழேதான் கிடந்தன. வெடிப்பு ஒன்றும் இல்லை, இப்போது கட்டிலுக்குக் கீழே. மிச்சம் பெரிய நன்றி.

அக்கா, ஒன்று விளங்கவில்லை. 47 அடி எண்ணெய் என்றால் எண்ணெய் நிறைய, அப்போது இருப்பதிலேயே அதிகமாக வளைகிற பந்துதானே வேண்டும்? கடையிலும் அப்படித்தான் சொன்னார்கள்.

ஒட்டுசுட்டான்84

நான் மெல்பேர்னிலிருந்து. மச்சான், எல்லோரும் வீணாகக் குழப்புகிறார்கள். ஒரு யூரித்தேன் பந்து வாங்கு, மூன்று பற்றனுக்கும் அது காணும். யூரித்தேன் ரெசின் மாதிரி எண்ணெயை உறிஞ்சாது, வெட்டித் திரும்பாது, எங்கே போட்டாலும் என்ன செய்யும் என்று தெரியும். நான் இரண்டு கையால் போடுகிறவன், இங்கே இரண்டு கையால் போடுகிற சாம்பியன் பெல்மோன்டேயைப் பார்த்து வளர்ந்த பொடியள் பாதிப்பேர் அப்படித்தான். தட்டையான லேன் என்றால் என் பாக்கில் முதலில் வெளியே வருவது யூரித்தேன்தான்.

மல்லாவியாள்

முதலில் இரணைமடுத் தம்பிக்கு. எண்ணெய் நீளம் என்றால் அதிகமாக வளைக்கவேண்டும் என்று நினைப்பதுதான் எல்லோரும் விழுகிற குழி, நானும் இரண்டு சீசன் அதற்குள் கிடந்தேன். அதிகம் வளைக்கவேண்டும் என்றால் பந்தை ஓரத்துக்கு அனுப்பித் திருப்பி எடுக்கவேண்டும். 47 அடியில் ஓரத்துக்கு அனுப்பினால் திரும்பி வர 13 அடி காணாது. பந்து 3, 6, 10 பின்களின் பக்கமாகவே போய்விடும், தலைப் பின் அப்படியே நிற்கும். ஆகவே பலமான தோலை எடுக்கவேண்டும், ஆனால் நேராகப் போடவேண்டும். பலமான தோல் எதற்கு என்றால் அந்த எண்ணெய்க்குள் கொஞ்சமாவது பிடிப்பதற்கு. ரயர்க்கடைத் தம்பி சொன்ன 1000 கிறிற் சொலிட், 16ஆம் பலகை, கூடிய மட்டும் நேர்க்கோடு. உங்களிடம் இருப்பதே போதிய பலம்.

வோல்டர் ரே வில்லியம்ஸைப் பாருங்கள். அமெரிக்கத் தொழில்முறைச் சுற்றில் 47 பட்டம். குதிரை லாடம் எறிகிற போட்டியிலும் உலகச் சாம்பியன், ஆறு தடவை. மற்றவர்கள் லேனின் பாதியை வளைத்துக் கலக்கிக்கொண்டிருக்க, அவர் நேராகப் போட்டு வென்றவர். தட்டையான எண்ணெயில் அந்த விளையாட்டுக்கு இருக்கிற மதிப்பு வேறு. லீக் லேன் என்பது வாய்க்கால் மாதிரி, இரண்டு பக்கமும் கரை கட்டியிருக்கும். வெளியே போன பந்தைக் காய்ந்த ஓரம் திருப்பித் தரும், உள்ளே போன பந்தை நடு எண்ணெய் பிடித்து வைக்கும், எப்படியும் தண்ணீர் போகவேண்டிய இடத்துக்குப் போகும். தட்டையான லேனில் கரை இல்லை. இரண்டு பலகை தவறினால் தவறினதுதான். உங்கள் 187 எப்படி 140 ஆனது என்பதற்குக் காரணம் வேறு எங்கும் தேடவேண்டாம்.

ஒட்டுசுட்டான் தம்பிக்கு: 34 அடிக்கு யூரித்தேன் என்பதை நான் மறுக்கமாட்டேன், அதற்கு அதுதான் நல்ல தெரிவு. மூன்றுக்கும் என்பதைத்தான் ஏற்கமாட்டேன். நீங்கள் இரண்டு கை, உங்கள் சுழற்சி அதிகம், 47 அடியில்கூட யூரித்தேனை வளைத்துவிடுவீர்கள். ஒரு கையால் சாதாரணச் சுழற்சியோடு போடுகிறவருக்கு அது பொக்கெற்றைத் தொட்டாலும் உள்ளே தள்ளாது, மூலைப் பின் நிற்கும். இன்னொன்று, யூரித்தேன் எண்ணெயை உறிஞ்சாது என்று நீங்களே சொல்கிறீர்கள். உறிஞ்சாத எண்ணெய் எங்கே போகிறது? பந்தோடு சேர்ந்து முன்னால் இழுபட்டு, காய்ந்திருந்த பலகையில் படிகிறது. மூன்றாவது ஆட்டத்தில், முதல் ஆட்டத்தில் வளைந்த இடத்தில் பந்து வளையாது. ஒரே சோடி லேனில் இரண்டு பேர் யூரித்தேன் போட்டால் மற்றவர்களுக்கு அந்த நாளே வேறு.

ஒட்டுசுட்டான்84

அக்கா, இழுபடுவது உண்மைதான், அதற்கு நான் ஒன்றிரண்டு பலகை வெளியே நகர்வேன். ரெசின் போடுகிறவர்கள் எண்ணெயைக் குடித்துக் குடித்துப் பாதையைக் காய வைப்பதும் மாற்றம்தானே, அதற்கு அவர்கள் உள்ளே நகர்கிறார்கள். எந்தப் பக்கம் நகர்வது என்பதுதான் வித்தியாசம். சுழற்சி விசயத்தில் நீங்கள் சொல்வது சரி, அதை நான் யோசிக்கவில்லை. மச்சான், நீ எவ்வளவு வேகம்?

இரணைமடுப்பொடியன்

மணிக்கு 16 மைல் அளவு, திரையில் காட்டுவது. சுழற்சி அளந்ததில்லை, ஆனால் பெரிதாக இல்லை.

ஒட்டுசுட்டான்84

அப்படியென்றால் 47க்கு அக்கா சொல்வதைக் கேள். 34க்கு யூரித்தேன் எடு, அதை விடமாட்டேன்.

ரயர்க்கடை_மாங்குளம்

34க்குப் புதுப்பந்து வாங்காமலும் வழி இருக்கிறது. பிளாஸ்ரிக்கின் பளபளப்பை எடுத்து 1000க்குக் கொண்டு வாரும். 26 அடி காய்ந்த பலகையில் சொரசொரப்பான பிளாஸ்ரிக் கொஞ்சம் வளையும், அந்தக் கொஞ்சமே காணும். நான் டுபாயில் குறுகிய பற்றனுக்கு இதைத்தான் செய்தேன். 4ஆம், 5ஆம் பலகையில் கானைப் பார்த்துப் பயப்படாமல் நேராக விடவேண்டும், அவ்வளவுதான். அன்றைக்கு ஸ்பெயாருக்கும் அதே பந்து, அதுவும் கொஞ்சம் வளையும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளும்.

முறிகண்டி_வாத்தி

எல்லாவற்றையும் வாசித்தேன், சுவையாக இருக்கிறது. புள்ளிக் கணக்கைத் தேடிப் படித்து ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். ஒரு ஸ்ரைக்கும் (முதல் பந்திலேயே பத்துப் பின்னும் விழுவது) இல்லாமல், ஆட்டத்தின் பத்துச் சட்டத்திலும் (பிரேம்) முதல் பந்துக்கு ஒன்பது, இரண்டாம் பந்துக்கு மிச்சம் ஒன்று, கடைசிப் பந்துக்கும் ஒன்பது என்று வந்தால் 190 வருகிறது! தம்பியின் லீக் சராசரியை விடக் கூட. அப்படியென்றால் ஸ்ரைக்குக்கு எந்தப் பந்து என்று இவ்வளவு யோசிக்கிற நேரத்தில், விட்டுப்போன ஒரு பின்னை எடுப்பதற்குத்தானே பயிற்சி வேண்டும்?

மல்லாவியாள்

வாத்தியார் விளையாடாமலே விளையாட்டைப் பிடித்துவிட்டார். தம்பி, உங்கள் 140 நாளின் தாள் இருந்தால் பாருங்கள், தவறவிட்ட ஸ்பெயார் எத்தனை என்று.

இரணைமடுப்பொடியன்

படம் எடுத்து வைத்திருக்கிறேன். மூன்று ஆட்டத்தில் திறந்த சட்டம் (ஸ்ரைக்கும் ஸ்பெயாரும் இல்லாதது) பதினாறு. அதில் ஏழு தனிப் பின். அதில் நாலு 10ஆம் பின், வலப்பக்க மூலையில் நிற்பது. எண்ணும்போது கை குளிர்ந்துவிட்டது.

ரயர்க்கடை_மாங்குளம்

10ஆம் பின்னுக்கு பிளாஸ்ரிக்கை எடுத்து இடப்பக்கம் நின்று லேனைக் குறுக்காக வெட்டிப் போடும். எண்ணெயைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை, நேராகப் போகிற பந்துக்கு 34 என்ன 47 என்ன. மற்றதுக்கு 3-6-9 முறை: உமது ஸ்ரைக் நிலையிலிருந்து, பின் வலப்பக்கம் எவ்வளவு தள்ளி நிற்கிறதோ அதற்கேற்றபடி 3, 6, 9 பலகை இடப்பக்கம் கால் நகர்த்துவது. இடப்பக்கப் பின் என்றால் மறுபக்கம்.

லேன் இல்லையே எப்படிப் பழகுவது என்று கேட்பீர். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் லேன் இல்லை, சரி. நெல் காயப்போடுகிற சீமெந்துத் தளம் இருக்கிறதல்லவா?

இரணைமடுப்பொடியன்

அண்ணை, இதைச் செய்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன், பத்து நாள் ஆகிறது.

பெரியப்பாவின் தளத்தில் 41½ அங்குல அகலத்துக்குச் சோக்கால் இரண்டு நீளக் கோடு. குறுக்கே ஒரு கோடு, அதுதான் தாண்டக்கூடாத கோடு. அதிலிருந்து அம்புக்குறிகள்: லேனில் ஏழு அம்பு, 5, 10, 15 என்று ஐந்து ஐந்து பலகையாக 35 வரைக்கும். ஓர அம்புகள் 12 அடி தாண்டி, நடு அம்பு 16 அடிக்குக் கிட்ட. அந்த இடங்களில் சிவப்புப் பெயின்ற் பொட்டு வைத்தேன். இருபத்தைந்து அடியில் உமி மூட்டை ஆறு, இரண்டடுக்கு. நல்ல பந்தைச் சீமெந்தில் விடமுடியாதுதானே, பிளாஸ்ரிக் மட்டும். அதன் முகத்தை எப்படியும் பிறகு உரஞ்சப் போகிறேன், சீமெந்துக் கீறலும் அதோடு போய்விடும் என்று நினைத்தேன். ஆனாலும் மனம் கேட்காமல் பழைய தறப்பாள் ஒன்றை விரித்துத்தான் விட்டேன்.

முதல் நாள் 5ஆம் பலகைப் பொட்டைக் குறிவைத்து ஐம்பது பந்து. தறப்பாளில் சாம்பல் தூவி வைத்திருந்ததால் பந்து போன தடம் ஒவ்வொன்றும் தெரிந்தது. ஐம்பதில் பொட்டைத் தொட்டது ஒன்பது. மிச்சம் எல்லாம் இரண்டு பலகை, மூன்று பலகை உள்ளே. கானைக் கண்டு பயந்து என்னை அறியாமலே கையை உள்ளே இழுத்திருக்கிறேன். லீக் லேனில் இது ஒரு நாளும் தெரிந்ததே இல்லை, அக்கா சொன்ன அந்த வாய்க்கால் காப்பாற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. பத்தாம் நாள் ஐம்பதில் இருபத்தாறு. காலை ஆறு மணிக்கு, வெயில் ஏறுவதற்கு முதல். சித்தப்பாவின் பொடியன்தான் பந்தைத் திருப்பி உருட்டுகிறான்.

மல்லாவியாள்

இதைவிட நல்ல செய்தி இந்த மாதத்தில் கேட்கவில்லை. சாம்பல் யோசனையை என் லீக்கில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன்.

புறப்பட முதல் ரெசின் பந்து இரண்டுக்கும் எண்ணெய் எடுத்துவிடுங்கள். மூன்று வருசம் விளையாடின பந்து, அதன் தோலின் நுண்துளை முழுக்க எண்ணெய் குடித்திருக்கும், உரஞ்சினால் மட்டும் காணாது. துளைகளை ரேப்பால் நன்றாக ஒட்டிவிட்டு, வாளியில் சுடுதண்ணீர், பாத்திரம் கழுவுகிற திரவம் கொஞ்சம், இருபது நிமிடம். கொதிதண்ணீர் கூடவே கூடாது, கையை வைத்தால் சுடுகிற ஆனால் பொறுக்கிற சூடு.

இரணைமடுப்பொடியன்

செய்தேன் அக்கா. அடுப்பு மூட்டத் தேவைப்படவில்லை. கூரைக்கு மேலே இருக்கிற கறுப்புத் தாங்கியில் மத்தியானத் தண்ணீர் நீங்கள் சொன்ன சூட்டிலேயே வருகிறது. சொலிட்டைப் போட்டு ஐந்து நிமிடத்தில் பந்தின் முகத்தில் வியர்வை மாதிரிச் சின்னச் சின்னப் பொட்டு, பிறகு தண்ணீருக்கு மேலே மஞ்சளாக ஒரு படை, மீன் குழம்பில் மிதக்கிற எண்ணெய் மாதிரியே. துடைத்துவிட்டுத் திரும்பவும் போட்டேன், மூன்றாம் தடவைதான் தண்ணீர் தெளிந்தது. கட்டாரின் எண்ணெய் முழுவதையும் கிளிநொச்சி வரைக்கும் கொண்டு வந்திருக்கிறேன் போல. பிறகு சொலிட் 1000, பேர்ல் 3000, பிளாஸ்ரிக் 1000. மூன்று பந்து, ஒன்பது கிலோ சாமான். மிளகாய்த்தூள் போகிறது, ஒடியல் மாவில் பாதி நின்றுவிட்டது.

ரயர்க்கடை_மாங்குளம்

நல்லது. லேனில் இறங்கினால் பந்து திரும்பி வரும்போது அதன் முகத்தைப் பாரும். எண்ணெய் வளையம் வளையமாக ஒட்டியிருக்கும். வளையங்கள் ஒன்றை ஒன்று விட்டு விலகி விரிந்திருந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் புதுத் தோல் பலகையைத் தொடுகிறது என்று அர்த்தம். ஆட்டம் போகப் போக வளையங்களில் எண்ணெய் குறைந்துகொண்டு வந்தால் பாதை காய்கிறது, கால் இரண்டு பலகை, கண் ஒரு பலகை இடப்பக்கம் நகர்த்தும். பின்கள் விழும்வரைக்கும் பார்த்துக்கொண்டு நிற்காமல் முதலில் பந்தைப் பாரும்.

இரணைமடுப்பொடியன்

டோஹாவிலிருந்து. போட்டி நேற்று முடிந்தது.

முதல் நாள் 47 அடி. இவ்வளவு சொல்லியும் முதல் ஆட்டத்தில் பழைய பழக்கம் வந்துவிட்டது, 10ஆம் பலகைக்கு அனுப்பிப் பார்த்தேன். அக்கா எழுதினது போலவே தலைப் பின் அசையாமல் நின்றது. 139. இரண்டாவது ஆட்டத்தில் 17ஆம் பலகையில் நேராக, சொலிட்டோடு. 171, பிறகு 182.

இரண்டாம் நாள் 41 அடி, பேர்ல். 168இல் தொடங்கி, இரண்டாவது ஆட்டத்தின் நடுவில் வளையங்களில் எண்ணெய் மெலிந்தது தெரிந்தது, இரண்டும் ஒன்றுமாக நகர்ந்தேன். 190. மூன்றாவது ஆட்டத்தில் இன்னொரு தடவை நகர்ந்தேன், 203. தட்டையான லேனில் 200ஐத் தாண்டியது என் வாழ்க்கையில் முதல் தடவை.

மூன்றாம் நாள் 34 அடி. பிளாஸ்ரிக், 4ஆம் பலகை. என் சோடியில் நின்ற பிலிப்பைன்ஸ்காரர் நான் பிளாஸ்ரிக்கைத் துடைப்பதைப் பார்த்துவிட்டு ஸ்பெயார் பந்தைப் பிழையாக எடுத்துவிட்டீர்கள் என்று சொல்ல வந்தார். 178, 169, 184. கானுக்குள் போனது ஒரே ஒரு பந்து. ஒன்பது ஆட்டத்திலும் 10ஆம் பின் தவறியது இரண்டு. மொத்தம் 1584, சராசரி 176. முதல் பத்துக்குள் வரவில்லை, ஆனால் போன தடவை போன இடத்தை நினைத்தால் எனக்கு இது பெரிது. சாம்பலும் தறப்பாளும் இல்லாமல் அந்த 4ஆம் பலகையில் கை வைத்திருக்கமாட்டேன்.

ஒட்டுசுட்டான்84

வாழ்த்து மச்சான்! 34இல் யூரித்தேன் இருந்திருந்தால் 200 வந்திருக்கும், எழுதி வைத்துக்கொள். அடுத்ததற்கு வாங்கு.

இரணைமடுப்பொடியன்

சம்பளம் வரட்டும் மச்சான், இங்கே ஒருவர் பழைய யூரித்தேன் ஒன்று விற்கிறார், துளையை அடைத்துத் திருப்பித் துளைக்கவேண்டும். ரயர்க்கடை அண்ணை, ஒரு உதவி: கிளிநொச்சிப் பக்கம் வந்தால் பெரியப்பாவின் தளத்தை ஒருக்கால் எட்டிப் பாருங்கள். சித்தப்பாவின் பொடியன் தேங்காய் உருட்டிப் பழகுகிறானாம், பிடி எப்படி என்று அவனுக்கு ஒருவர் காட்டவேண்டும். மாரி தொடங்கினால் தளம் நனைந்துவிடும், அதற்கு முதல் போனால் நல்லது.